எழுபத்தொன்பது சங்கிலி தூரத்தில் ஒரு மளிகைக் கடை

மிச்சமிருக்கும் பதினோரு பற்களின் மீது ஆணையாகச் சொல்கிறேன், இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. நில அளவையர் ஓய்வு பெற்ற அன்று அவர் வீட்டு வாசலிலிருந்து மளிகைக் கடை பத்துச் சங்கிலி தூரத்தில் இருந்தது. இருபத்தைந்து வருடம் கழித்து அதே வாசலிலிருந்து அதே கடை எழுபத்தொன்பது சங்கிலி தூரத்தில் இருந்தது. வீடும் நகரவில்லை, கடையும் நகரவில்லை. சங்கிலி என்பது நிலம் அளப்பவர்கள் இழுக்கும் இரும்புச் சங்கிலி. ஒன்றுக்கு அறுபத்தாறு அடி, நூறு கண்ணி. எண்பது சங்கிலி சேர்ந்தால் ஒரு மைல். ஆக, மூன்று நிமிடத்தில் போய்ச் சேர்ந்த கடை, ஒரு மைலுக்கு ஒரு சங்கிலி குறைவான தூரத்துக்குப் போய்விட்டது. அளந்தவர் சாதாரண ஆளில்லை. முப்பத்து நான்கு வருட வேலையில் ஒரு கண்ணி கூட்டியோ குறைத்தோ எழுதாதவர். அதற்காகவே பதவி உயர்வு கிடைக்காமல் ஓய்வு பெற்றவர்.

அந்த ஊரில் இது அதிசயம் ஒன்றுமில்லை. விலைவாசி ஏறினால் வேலையில் இருப்பவர்களுக்குச் சம்பளம் ஏறும், அவர்கள் தெரு அப்படியே கிடக்கும். ஓய்வு பெற்றவர்களுக்குத் தெரு நீளும். நில அளவையர் தெருவில் அது நீண்ட இடம் தையல் கடைக்கும் சைக்கிள் கடைக்கும் நடுவே. வேலையில் இருப்பவர்கள் கண்ணுக்கு இரண்டு கடைக்கும் ஒரே சுவர். நில அளவையர் கண்ணுக்கு அந்தச் சுவர் முதல் வருடத்திலேயே இரண்டாகப் பிளந்து, நடுவில் நாற்பத்தாறு அடிக்கு வெறும் கட்டாந்தரை தெரிந்தது. வருடா வருடம் அது அகன்றது. நிழலுக்கு ஒரு மரம் கிடையாது. அவர் அந்தக் கட்டாந்தரையில் வியர்வை வழிய நடந்துகொண்டிருக்கும்போது, தையல்காரர் கண்ணுக்கு அவர் கடை முன்னால் நின்ற இடத்திலேயே கால் மாற்றி மிதித்துக்கொண்டிருந்தார். “என்ன சார், நான் உட்கார்ந்து மிதிக்கிறதை நீங்க நின்னுக்கிட்டே மிதிக்கிறீங்க, துணி எங்க?” என்று தையல்காரர் கேட்பார். அவருக்கு இன்னும் ஓய்வு வரவில்லை, அதனால் சிரிப்பு வந்தது.

அரசாங்கம் கல் நெஞ்சு கொண்டது என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. வருடத்துக்கு ஒரு முறை அகவிலை நிவாரணம் என்ற பெயரில் ஒரு காகிதம் வரும். வந்த அன்று காலை பத்து மணிக்கு, பாய் சுருட்டுவது போலத் தெரு சரசரவென்று முப்பது கண்ணி சுருங்கும். முப்பது கண்ணி என்றால் இருபது அடி. முதல் வருடம் அறுபத்தாறு அடி நீண்டது, இருபது அடி சுருங்கியது. அதற்கு மூன்று பிரதிகளில் நன்றிக் கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. தெரு நீளும்போது நீண்டுபோன நீளத்தின் மேல் நூற்றுக்குப் பத்து நீளும். நிவாரணம் சுருக்கும்போது, ஓய்வு பெற்ற நாளில் இருந்த பழைய பத்துச் சங்கிலியின் மேல் நூற்றுக்கு மூன்றுதான் சுருக்கும். தெரு குட்டி போட்டது, குட்டியும் குட்டி போட்டது. நிவாரணம் மட்டும் தாய்க்கு ஒரு வேளை தீனியை நிறுத்திவிட்டு, குடும்பத்தையே கட்டுப்படுத்திவிட்டதாகக் கணக்குக் கொடுத்தது. பத்தாம் வருடம் கடை இருபத்தோரு சங்கிலி. பதினைந்தாம் வருடம் முப்பத்திரண்டு.

முதல் சில வருடங்கள் யாருக்கும் பெரிய கஷ்டமில்லை. மருமகள் தொலைபேசி அலுவலகத்தில் வேலை பார்த்தாள். அவள் செருப்பை மாட்டினால் மூன்றாம் நிமிடம் கடையில் நிற்பாள். மாமனாரும் அவளும் ஒரே நேரத்தில் வாசலில் இறங்கினால், அவர் சைக்கிள் கடையை எட்டுவதற்குள் அவள் வாங்கிக்கொண்டு எதிரே வந்துவிடுவாள். “மாமா, நீங்க ஊரைச் சுத்திப் பார்த்துட்டு வரீங்களா, இல்ல வழியில தூங்குறீங்களா?” என்பாள். பிறகு மகனுக்கும் அவளுக்கும் வேறு ஊருக்கு மாற்றல் வந்தது. பக்கத்து வீட்டில் ஒரு நாள் வாங்கி வரச் சொன்னார்கள், வாங்கி வந்தார்கள். இரண்டாம் நாள் வாங்கி வந்தார்கள், ஆனால் முகம் வரவில்லை. மூன்றாம் நாள் நில அளவையரே பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அவர் மனைவிக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டிருந்தது. வாய் மட்டும் புதுசாகவே இருந்தது. “போயிட்டு வாங்க. வரும்போது எனக்கு ஒரு வயசு கூடியிருக்கும், அடையாளம் தெரியலைன்னு வேற வீட்டுக்குப் போயிடாதீங்க” என்று வழியனுப்புவாள்.

பதினைந்தாம் வருடம் ஒரு மத்தியானம், பழைய விதிப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்த நில அளவையர் ஒரு வரியில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி படித்தார். ஓய்வூதியம் வாங்குகிறவர் இறந்துபோனால் மனைவிக்கு அதில் பாதி. இது ஊரறிந்த விஷயம்தான், ஆனால் அவர் அன்றுதான் அதைச் சங்கிலியில் போட்டுப் பார்த்தார். பாதி ஓய்வூதியம் என்றால் தெரு இரண்டு மடங்கு. அவர் கண்ணை மூடினால், நடக்க முடியாத அவளுக்குக் கடை அறுபத்து நான்கு சங்கிலியில் இருக்கும்; வருடம் போகப் போக மைலில் சொல்ல வேண்டி வரும். அடுப்படியில் இருந்தவளிடம், “நான் போறதுக்குள்ள இந்தத் தெருவைச் சரி பண்ணியாகணும்” என்றார். “அப்ப அவசரமில்லை, நீங்க எதையும் சீக்கிரம் பண்ணினதில்லை” என்றாள் அவள். அவருக்கு மட்டும் அது அவசரமாக இருந்தது. அன்றே முதல் மனுவை எழுதினார்.

பதினோரு மனுவுக்குப் பிறகு ஆய்வாளர் ஒருவர் வந்தார். விதிப்படி தூரத்தை ஆய்வு செய்கிறவர் பணியில் உள்ள ஊழியராக இருக்க வேண்டும். பணியில் உள்ளவருக்குத் தெரு பத்துச் சங்கிலி. அவர் விறுவிறுவென்று நடந்து, மூன்றாம் நிமிடம் கடை வாசலிலிருந்து கையாட்டினார். நில அளவையர் போய்ச் சேர்ந்தபோது ஆய்வாளர் டீ குடித்து, அறிக்கை எழுதி, மையும் காய்ந்துவிட்டது. அறிக்கை ஒரே வரி: “விண்ணப்பதாரர் மெதுவாக நடக்கிறார்.” அடுத்த மனுவுக்கு வேறொரு ஆய்வாளர் வந்தார். இந்த முறை நில அளவையர் உஷாராகத் தன் இரும்புச் சங்கிலியின் ஒரு முனையை ஆய்வாளர் கையில் கொடுத்து, மறு முனையைத் தான் பிடித்துக்கொண்டார். சுவரின் இந்தப் பக்கம் ஒருவரும் அந்தப் பக்கம் ஒருவருமாக நின்று இழுத்தார்கள். ஒரு கைக்குத் தெரு இவ்வளவு, மறு கைக்கு அவ்வளவு. சங்கிலிக்கு எந்தப் பக்கம் நியாயம் சொல்வது என்று தெரியவில்லை, நடுவில் அறுந்துவிட்டது. அரசாங்கச் சொத்தாக இருந்த சங்கிலியை ஓய்வுக்குப் பின்னும் வைத்திருந்ததற்கு ஒன்று, அறுத்ததற்கு ஒன்று என இரண்டு நோட்டீஸ் வந்தன. தெருவைப் பற்றி ஒன்றும் வரவில்லை.

மூன்றாவதாக வந்தவரை அலுவலகத்தில் ரப்பர் ஸ்டாம்ப் என்று அழைப்பார்கள். எந்தக் காகிதத்தையும் படிக்காமல் முத்திரை குத்துவதில் முப்பத்தைந்து வருட அனுபவம். நில அளவையர் விசாரித்து, அவர் ஓய்வு பெறும் தேதியைத் தெரிந்துகொண்டு, ஆய்வு அன்றைக்கே விழுகிற மாதிரி மனுவுக்கு மேல் மனு போட்டார். அன்று ரப்பர் ஸ்டாம்ப் கழுத்தில் பிரிவுபசார மாலையோடு நான்கு மணிக்கு வந்தார். நில அளவையரின் மனைவி அவரை உட்கார வைத்து, மகன், மகள், பேரன், கட்டுகிற வீடு, வீட்டுக்கு வாங்கின சிமெண்ட் என்று ஒவ்வொன்றாக விசாரித்தாள். டீ குடித்தார், இன்னொரு டீ குடித்தார். “அஞ்சு மணிக்குள்ள முடிச்சிடணும்மா, அஞ்சுக்கு அப்புறம் நான் யாரோ” என்று அவர் எழுந்தபோது மணி நான்கு ஐம்பத்தெட்டு. தையல் கடையை அவர் தாண்டும்போது ஐந்து அடித்தது.

நில அளவையர் எதிர்பார்த்தது, ஓய்வு பெற்ற நிமிடத்தில் அவர் கண்ணுக்குச் சுவர் பிளக்கும், பிளவைப் பார்த்துவிட்டு உண்மையை எழுதுவார் என்பதுதான். ஆனால் ரப்பர் ஸ்டாம்பின் ஓய்வூதியக் கோப்பு இன்னும் ஒப்புதல் ஆகியிருக்கவில்லை. அந்தக் கோப்பைத் தன் மேசையில் ஏழு மாதமாகப் படிக்காமல் வைத்திருந்தவர் அவரேதான். ஓய்வூதியம் குறைவாக இருந்தால் தெரு நீளும். ஓய்வூதியமே இல்லையென்றால் தெருவுக்கு ஆரம்பம் உண்டு, முடிவு கிடையாது. அவர் நடந்தார். மாலை கழுத்திலேயே வாடியது. பதினோரு மாதம் நடந்தார். நில அளவையர் தினமும் கடைக்குப் போகிற வழியில் அவருக்குத் தண்ணீரும் கட்டுச் சோறும் கொடுத்துவிட்டுப் போவார். “இன்னும் எவ்வளவு தூரம் சார்?” என்று ரப்பர் ஸ்டாம்ப் கேட்பார். “உங்க கோப்பு எந்த மேசையில இருக்கோ, அவ்வளவு தூரம்” என்பார் இவர். கடைசியில் யாரோ வேறு ஏதோ காகிதம் என்று நினைத்து அதில் முத்திரை குத்திவிட, மறுநாள் அவர் கடை வாசலில் போய் முட்டிக்கொண்டு நின்றார். உட்கார்ந்து இருபத்தாறு பக்கம் அறிக்கை எழுதினார். அலுவலகம் அதை ஏற்கவில்லை. எழுதியவர் ஓய்வு பெற்றவர். தெருவின் நீளத்தில் அவருக்குச் சொந்த ஆதாயம் இருக்கிறது. தெரு நீண்டதைப் பார்க்க முடிந்தவர்கள் சாட்சி சொல்லக் கூடாது, சாட்சி சொல்லக் கூடியவர்களால் பார்க்க முடியாது. இதை விடக் கச்சிதமான விதி எந்த நாட்டிலும் எழுதப்படவில்லை என்று ரப்பர் ஸ்டாம்பே பாராட்டினார். அந்த விதிக்கு முத்திரை குத்தியதும் அவர்தான்.

இருபத்து நான்காம் வருடம், எழுபது சங்கிலி தாண்டிய பிறகு, நில அளவையரின் மனைவி ஒரு நாள் காய் நறுக்கிக்கொண்டே சொன்னாள்: “தெருவைக் குறைங்க, குறைங்கன்னு கால் தேய எழுதுறீங்களே, நடுவுல இவ்வளவு இடம் சும்மா கிடக்கே, அது யாருதுங்க?” முப்பத்து நான்கு வருடம் நிலம் அளந்தவருக்கு அது தோன்றவில்லை. வரைபடத்தில் இல்லாத நிலம். பட்டா இல்லை, எல்லைக்கல் இல்லை, அண்டை வீட்டுக்காரன் சண்டை இல்லை. ஒரு வாரத்தில் கட்டாந்தரையின் நட்ட நடுவில் நாலு கம்பும் ஒரு தகரமும் நின்றன. கைவண்டியில் உட்கார வைத்து ரப்பர் ஸ்டாம்ப் அவளை அங்கே தள்ளிக்கொண்டு வந்தார். புதிதாக ஓய்வு பெற்றவர்களுக்குச் சந்தைப் பக்கம் நடை குறைவு, அவர்கள் சரக்கு சுமந்து வந்தார்கள். ஓய்வு பெற்று நாளாகி, கடைவரை போக முடியாதவர்கள் பாதி வழி வந்து வாங்கிக்கொண்டார்கள். பக்கத்துத் தெருக்காரர்களும் தங்கள் தங்கள் பிளவு வழியாக வந்து சேர்ந்தார்கள். பெஞ்சு வந்தது, நிழலுக்குப் பந்தல் வந்தது, அரசியல் வந்தது. தையல்காரர் கண்ணுக்கு மட்டும், தன் கடைச் சுவரோரம் நாற்பது கிழவர்கள் நெருக்கியடித்துக்கொண்டு ஒன்றுமில்லாததைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

இருபத்தைந்து வருடமாக அந்த நிலம் இல்லை என்று சொன்ன அரசாங்கம், கடை திறந்த மூன்றாம் மாதம் அதற்கு வரி போட்டது. வரி போட வந்தவர் பணியில் இருந்தவர். சுவரைத் தடவிப் பார்த்தார், ஒன்றும் தெரியவில்லை. “சார், உங்களுக்குத்தான் இடமே தெரியலையே, எதுக்கு வரி போடுறீங்க?” என்று ரப்பர் ஸ்டாம்ப் கேட்டதற்கு, “வரி போட இடம் எதுக்குங்க, பேர் இருந்தா போதாதா?” என்றார். காலி மனை எண் ஒன்று என்று பதிந்துகொண்டு ரசீதும் கிழித்துக் கொடுத்தார். நில அளவையர் அந்த ரசீதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். தெரு நீண்டதற்கு அரசாங்கமே கொடுத்த அத்தாட்சி! அதை இணைத்து மனு அனுப்பினார். பத்து வருட மனுக்களில் முதல் முறையாகப் பதில் ஒரே வாரத்தில் வந்தது. தெருவின் நீளம் எழுபத்தொன்பது சங்கிலி என்பது ஏற்கப்படுகிறது. அதில் அறுபத்தொன்பது சங்கிலி நிலம் மனுதாரரின் அனுபவத்தில் இருக்கிறது. இவ்வளவு நிலம் உள்ளவருக்கு நிவாரணம் தேவையில்லை. இதுவரை கொடுத்ததும் திரும்பப் பெறப்படும். மறுநாள் நண்பகலில் இருபத்தைந்து வருட நிவாரணம் மொத்தமும், ஏழரைச் சங்கிலி, ஒரே மூச்சில் தெருவில் சேர்ந்தது. பந்தலில் இருந்த டம்ளர்கள் உருண்டன. ஏழரை பிடித்தது என்பார்களே, அதை அடிக்கணக்கில் பார்த்தவர்கள் அவர்கள்தான்.

நில அளவையர் அதற்குப் பிறகு மனு எழுதவில்லை. மூச்சு வாங்க ஆரம்பித்திருந்தது. எண்பத்தாறரைச் சங்கிலியில் இரண்டு மடங்கு என்றால் இரண்டு மைலுக்கும் மேல். அந்தக் கணக்கு அவர் தலையில் ஓடிக்கொண்டே இருந்தது, மருத்துவர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டபோதுகூட அதுதான் கேட்டிருக்கும். ஒரு நாள் திடீரென்று, வீட்டைக் காலி செய்துவிட்டுத் தகரக் கடையை ஒட்டி ஓர் அறை கட்டி அங்கேயே போய்விடலாம் என்றார். அலுவலகத்துக்கு முகவரி மாற்றப் படிவம் அனுப்பினார்: காலி மனை எண் ஒன்று. ரசீதில் எண் இருந்தது, அலுவலகம் பதிந்துகொண்டது. மனைவி திட்டிக்கொண்டே மூட்டை கட்டினாள்.

“நாற்பத்தஞ்சு வருஷம் குடித்தனம் பண்ணின வீடு. இந்த வயசுல என்னைக் கட்டாந்தரையில கொண்டு உட்கார வைக்கிறீங்க.”

“நம்ம தபால்காரருக்கு வயசு என்ன இருக்கும்?”

“அம்பது இருக்கும். நான் என்ன பேசுறேன், நீங்க என்ன கேக்குறீங்க?”

“அம்பதுன்னா இன்னும் எட்டு வருஷம் சர்வீஸ். அவருக்கு அப்புறம் இன்னும் சின்ன வயசுக்காரன் வருவான்.”

“வரட்டுமே, அதுக்கு?”

“பாதி ஓய்வூதியம்னு உனக்கு ஓர் ஆணை வரும். அதைக் கையில கொடுத்துக் கையெழுத்து வாங்கினாத்தான் செல்லும். கொண்டு வர்றவன் சர்வீஸ்ல இருக்கிறவன். அவன் கண்ணுக்கு இந்த இடம் தெரியாது.”

அவள் மூட்டையை அப்படியே கீழே வைத்தாள். “சீக்கிரம் எதையும் பண்ண மாட்டீங்க” என்றாள். “ஆனா பண்ணிடுவீங்க.” பிறகு, கண்ணைத் துடைத்ததை மறைக்க, கயிறு சரியில்லை என்று ரப்பர் ஸ்டாம்பைத் திட்டினாள்.

நான்காம் மாதம் நில அளவையர் புது அறையில், ஒரு பகல் தூக்கத்தில் இறந்துபோனார். அவள் சட்டப்படி தகவல் கொடுத்தாள். புருஷனைப் போலவே அவளுக்கும் ஒரு கண்ணி கூட்டியோ குறைத்தோ எழுதத் தெரியாது. ஆணை உடனே கிளம்பியது. தபால்காரர் தையல் கடைவரை வந்தார், சைக்கிள் கடைவரை போனார், மறுபடி தையல் கடைக்கு வந்தார். சுவரைத் தட்டிப் பார்த்தார்; சுவரோரம் நின்ற கிழவர்கள் தெரிந்தார்கள், தகரக் கடைக்குள் இருந்த அவள் மட்டும் தெரியவில்லை. பந்தலில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, இரண்டடி தள்ளி நிற்கும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் உறையின் மேல், “இந்த முகவரியில் நிலம் இல்லை” என்று எழுதித் திருப்பி அனுப்பினார். சேராத ஆணை அமலுக்கு வராது. பழைய தொகையே வங்கிக் கணக்கில் வந்துகொண்டிருந்தது, தெரு இரட்டிக்கவில்லை. அலுவலகம் ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஆணையை அனுப்பும், ஆறு மாதத்துக்கு ஒரு முறை அது திரும்பும். வரி கேட்டு வரும் நோட்டீசை மட்டும் வேறொரு ஆள் சுவரில் ஒட்டிவிட்டுப் போவான். அதற்குக் கையெழுத்து வேண்டியதில்லை, அவள் ஒழுங்காகக் கட்டிவிடுவாள்.

எட்டு வருடம் கழித்துத் தபால்காரர் ஓய்வு பெற்றார். நல்ல வேளையாக அவர் கோப்பு மூன்றே மாதத்தில் ஒப்புதல் ஆனது. பையை எடுத்துக்கொண்டு கடைக்குக் கிளம்பியவர், தையல் கடையைத் தாண்டியதும் சுவர் பிளந்து நிற்பதைப் பார்த்தார். பந்தலும் பெஞ்சும் தகரக் கடையும் தெரிந்தன. கடைக்குள் உட்கார்ந்து அவள் எடை போட்டுக்கொண்டிருந்தாள். அவர் அருகே போய்த் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

“அம்மா, உங்களுக்கு ஒரு கடுதாசி இருந்துச்சு. பதினாறு தடவை திருப்பி அனுப்பியிருக்கேன். இங்கதான் இருந்தீங்களா?”

“இங்கதான் இருந்தேன். இப்ப கையில வெச்சிருக்கீங்களா?”

“இல்லம்மா. இப்ப அது என் வேலை இல்லையே.”

“அப்ப உட்காருங்க” என்று அவருக்கு ஒரு டீ சொன்னாள். புதிதாக வந்த தபால்காரனுக்கு இருபத்து நான்கு வயது என்று அவர் தானாகவே சொன்னார். பெஞ்சில் இருந்தவர்கள் நகர்ந்து இடம் விட்டார்கள். தெரு இன்றும் வருடத்துக்கு நூற்றுக்குப் பத்து நீளுகிறது. நீண்ட அளவுக்கு அவள் தகரக் கடையை வருடம் ஒரு முறை பெயர்த்து, மறுபடி நடுவில் நட்டுக்கொள்கிறாள். அதற்கு ஒரு நாள் விடுமுறை, அன்று எல்லோருக்கும் டீ இலவசம். ஊரில் யாரும் இதைப் பற்றி இப்போது பெரிதாகப் பேசுவதில்லை.

இன்னும் ஒரே ஒரு தகவல் பாக்கி: இதெல்லாம் இனிமேல்தான் நடக்கப்போகிறது. நில அளவையர் இன்று காலையும் வழக்கம்போல் ஒன்பதே முக்காலுக்கு வேலைக்குப் போனார்; அவர் ஓய்வு பெற இன்னும் நான்கு வருடம் ஆறு மாதம் இருக்கிறது.